காஜாங்கிற்கு எதற்குப் போகிறீர்கள், அக்கா?

பிரிக்ஃபீல்ட்ஸ்,
7 மார்ச் 1993

அன்புத் தம்பி வாசுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீ அங்கே சுகமா என்பதை உன் கையால், உன் வார்த்தையில் எழுது. வேறு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

உன்னை அந்த இல்லத்தில் விட்டுவிட்டுக் காப்பார் ரோட்டுக்கு நடந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. செம்பனைக்கு அடியில் நின்று முழுக்க நனைந்தேன். அந்த நேரமெல்லாம் ஒரே யோசனைதான். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. நடத்துகிறவர்கள் எல்லோருமே ஒரு காலத்தில் போதைப் பொடி அடித்தவர்கள். அந்த ராதாகிருஷ்ணன் என்பவரிடம், "உங்களுக்கு என்ன தகுதி?" என்று கேட்டேன். "பத்து வருஷம் பொடியில கிடந்தேன்க்கா, இப்ப இல்ல" என்றார். அதை ஒரு சர்டிபிகேட் மாதிரிச் சொன்னார். முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்ததையும் பார்த்தேன்.

மூன்று மாதத்துக்கு போன் கிடையாது, போய்ப் பார்க்கவும் கூடாது. கடிதம் மட்டும்தான், அதையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்களாம். படிக்கட்டும். படிக்கிறவருக்கும் என் வணக்கம். மறைப்பதற்கு எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை.

நான் கொடுத்தனுப்பிய முறுக்கு டின்னை உன்னிடம் தந்தார்களா, எல்லோருக்கும் பங்கு போட்டார்களா?

நேற்று சனிக்கிழமை ஒரு வேலையாகக் காஜாங் போய் வந்தேன். பஸ்ஸில் சரியான கூட்டம். உன் மாமா தவறியதிலிருந்து ராத்திரித் தூக்கம் எனக்குச் சரியில்லை என்பது உனக்குத் தெரியும். இப்போது வீட்டில் நீயும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

உன் அக்கா,
சீதாலெட்சுமி


மறுகரை இல்லம், காப்பார்,
21 மார்ச் 1993

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்கா அவர்களுக்கு,

தம்பி வாசு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

இங்கே எல்லோரும் ஒரே குடும்பமாக வாழ்கிறோம். இங்கு இருப்பவர்கள் அனைவரும் எனக்குச் சகோதரர்கள். காலையில் கூட்டம், பிறகு வேலை, மாலையில் குரூப். நான் துப்புரவுப் பிரிவில் இருக்கிறேன். உழைப்பின் அருமையைக் கற்றுக்கொள்கிறேன். முறுக்கை எல்லோரும் பகிர்ந்து உண்டோம். தாங்கள் என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தங்கள் அன்புத் தம்பி,
வாசு


[அய்யாவு என்பவர் கையில் கொடுத்தது. தேதி இல்லை.]

அக்கா,

இதைப் படித்தவுடன் கிழித்துவிடுங்கள். கொண்டுவருகிறவர் பெயர் அய்யாவு. என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். இங்கே பிடிக்காமல் கிளம்புகிறார்.

போன கடிதத்தில் இருந்ததெல்லாம் சொல்லிக்கொடுத்து எழுதியது இல்லை. ஆனால் அவர்கள் படிப்பார்கள் என்று தெரிந்து எழுதியது. எல்லாம் ஒன்றுதான்.

குரூப் என்றால் என்ன என்று அய்யாவு சொல்வார். நடுவில் உட்கார வைத்து இருபது பேர் சுற்றிக் கத்துகிறார்கள். நான் கக்கூஸ் கழுவிய லட்சணத்தைப் பற்றி அரை மணி நேரம் கத்தினார்கள். பிறகு அதே ஆட்கள் தோளில் கை போட்டு மீ கோரேங் சாப்பிடுகிறார்கள். எது நடிப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ஒரு நாள் வெளிக்காற்று வேண்டும். அவ்வளவுதான். உங்களுக்கு வயிற்றில் ஆபரேஷன், பார்க்க ஆள் இல்லை, தம்பியை அனுப்புங்கள் என்று ராதா அண்ணனுக்கு எழுதுங்கள். போன் போடாதீர்கள், குரலில் தெரிந்துவிடும். நான் உங்களைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவேன். சத்தியம்.

வாசு


பிரிக்ஃபீல்ட்ஸ்,
22 ஏப்ரல் 1993

மறுகரை இல்லப் பொறுப்பாளர்
திரு. ராதாகிருஷ்ணன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இல்லத்தில் தங்கியிருக்கும் வாசுவின் உடன்பிறந்த தமக்கை எழுதுகிறேன்.

எனக்குத் திடீரென்று வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாகிவிட்டது. தற்போது படுக்கையில் இருக்கிறேன். கணவரை இழந்தவள், உதவிக்கு வேறு உறவு இல்லை. எனவே என் தம்பியை ஒரு நாளாவது அனுப்பி உதவ வேண்டுகிறேன். அவன் திரும்பி வருவதற்கு நான் பொறுப்பு.

தங்கள் உடல்நலத்துக்கும் இல்லத்தாரின் நலத்துக்கும் வேண்டிக்கொள்ளும்,
திருமதி சீதாலெட்சுமி இராமலிங்கம்


மறுகரை இல்லம், காப்பார்,
29 ஏப்ரல் 1993

சீதாலெட்சுமி அக்காவுக்கு,

ராதாகிருஷ்ணனின் வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. உங்களுக்கு நல்ல சுகம் என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன்.

நான் நீங்கள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு போன் செய்தேன். ரமணி என்று ஒரு டீச்சர் எடுத்தார். "சீதா டீச்சர் நாலாம் வகுப்புல இருக்காங்க, கூப்பிடவா?" என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அக்கா, நான் கோபமாக எழுதவில்லை. என் அம்மாவை நான் இரண்டு தடவை சாகடித்திருக்கிறேன், வெளியே போவதற்காக. அம்மா உயிரோடு பந்திங்கில் இருந்தார். அதனால் இப்படி ஒரு கடிதம் வந்தால் எனக்கு வாசனையிலேயே தெரியும். எழுதச் சொன்னது வாசுதான் என்பதும் தெரியும். அவரிடம் கேட்டேன், ஒத்துக்கொண்டார். அதற்கு இங்கே என்ன நடக்குமோ அது நடக்கும். யாரும் அடிக்க மாட்டார்கள்.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் கூட்டம் இருக்கிறது. அம்மாமார், மனைவிமார் வருகிறார்கள். நீங்களும் வாருங்கள். எங்களை நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வந்து பாருங்கள், போதும்.

உடம்பு நலமாக இருக்கட்டும்.

ராதாகிருஷ்ணன்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
16 மே 1993

தம்பி வாசுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். நீ சுகமா?

உங்கள் பொறுப்பாளரின் கடிதம் வந்தது. ஒரு பெண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாளா என்று போன் போட்டுத் துப்பறிகிற இல்லத்தை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. ரமணியும் சும்மா இல்லை. "யாரோ உங்களைக் கேட்டாங்க டீச்சர்" என்று என் முகத்தையே பார்த்தாள். அன்றிலிருந்து ஸ்டாஃப் ரூமில் நான் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. உன் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அய்யாவு சொன்னது எல்லாம் உண்மையா? உன் கழுத்தில் அட்டை மாட்டியிருக்கிறார்களா? தலையை மொட்டையடித்தார்களா? அந்தக் கேட்டில் எத்தனை பூட்டு போட்டிருக்கிறார்கள்? நான் போலீஸில் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவரிடம் கேள்.

கூட்டத்துக்கெல்லாம் நான் வரமாட்டேன். அழுகிற பெண்களோடு போய் உட்கார எனக்கு என்ன வந்தது?

போன வாரம் தலைவலி தாங்கவில்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு டாக்டரைப் பார்த்தேன், நல்ல மனிதர். அதற்கு முந்திய வாரம் கிள்ளானில். ஜவுளிக்கடைத் தெருவில் கூட்டம் கொஞ்சம் குறைச்சல்தான்.

உன்னை அங்கே விட்டுவிட்டுக் காப்பார் ரோட்டுக்கு நடந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. செம்பனைக்கு அடியில் நின்று முழுக்க நனைந்தேன். இதை உன்னிடம் சொல்லவே இல்லை பார்.

சாப்பாட்டைக் குறைக்காதே.

அக்கா,
சீதாலெட்சுமி


மறுகரை இல்லம், காப்பார்,
13 ஜூன் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

வாசு எழுதுகிறேன். காலில் ஒரு சேற்றுப்புண் தவிர நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். அட்டை மாட்டினார்கள், உண்மை. "என் அக்காவைப் பொய் சொல்ல வைத்தேன்" என்று நானே எழுதி மாட்டிக்கொண்டேன். ஒரு வாரம். மலாய்க்காரப் பையன்களுக்குத் தமிழ் தெரியாததால் கீழே மலாயிலும் எழுதச் சொன்னார்கள். மொட்டை இல்லை. சட்டி பானை கழுவுகிற வேலைக்கு இறக்கினார்கள், இப்போதும் அதில்தான் இருக்கிறேன். கேட்டில் பூட்டு இல்லை அக்கா. ஒரு கம்பி வளையம்தான், ஆடு மாடு நுழையாமல் இருக்க.

அன்றைக்கு இவர்கள் என்னை அனுப்பியிருந்தால் நான் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்திருக்க மாட்டேன். கிள்ளான் பஸ் ஸ்டேஷனோடு நின்றிருப்பேன். பின்பக்கச் சந்தில் யார் இருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். இதை குரூப்பில் சொன்னேன். யாரும் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான் ஒயர்மேன் வேலை பார்த்த காலத்தில் ஒரு வீட்டில் லைட் மினுக்கினால் பல்பை மாற்ற மாட்டேன், உள்ளே எங்கே ஒயர் தளர்ந்திருக்கிறது என்று தேடுவேன். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அந்தப் பழக்கம் வந்துவிட்டது. மழையில் நனைந்ததை மார்ச்சிலும் எழுதினீர்கள், மே மாதமும் எழுதினீர்கள், அதே வரிகளில், சொல்லவே இல்லை என்று. எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்குகிறது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளை அதற்காக நிற்க வைப்பீர்களே.

அக்கா, காஜாங்கில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? காஜாங்கிற்கு எதற்குப் போகிறீர்கள்? பிரிக்ஃபீல்ட்ஸில் தெருவுக்கு ஒரு கிளினிக் இருக்கும்போது தலைவலிக்கு ஸ்ரீ கெம்பாங்கான் டாக்டர் எதற்கு, கிள்ளான் எதற்கு?

பொடி கிடைக்காத நாட்களில் நான் அப்படித்தான் போவேன். ஒரு ஊருக்கு ஒரு டாக்டர். தூக்கமே வரவில்லை என்று சொல்வேன். அதனால் கேட்கிறேன். தப்பாக இருந்தால் என்னை நன்றாகத் திட்டுங்கள். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

தம்பி,
வாசு


பிரிக்ஃபீல்ட்ஸ்,
20 ஜூன் 1993

வாசுவுக்கு,

நான் சுகம்.

மாத்திரை எனக்கு டாக்டர் கொடுத்தது. நீ போட்டதை எந்த டாக்டர் கொடுத்தார்? உன் மாமா ரயில்வே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து செத்த பிறகு நான் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதில்லை. சமைத்தேன். உனக்கும் சேர்த்துத்தான் சமைத்தேன். நீ வாந்தி எடுத்ததைக் கழுவினேன். அதற்கெல்லாம் ராத்திரி கொஞ்சம் தூங்க வேண்டாமா?

அந்த ஆட்கள் உனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதானா? எல்லோரையும் உங்களைப் போலப் பார்ப்பதா? இந்தக் கடிதத்தையும் ராதாகிருஷ்ணன் படிப்பார். என் மானத்தை நடுவில் உட்கார வைத்து இருபது பேர் கத்தியிருப்பீர்கள்.

வேண்டுமானால் நாளைக்கே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுக் காட்டுவேன். எனக்கும் உனக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

சீதாலெட்சுமி


மறுகரை இல்லம், காப்பார்,
4 ஜூலை 1993

அக்கா,

கோபத்தோடு என்றாலும் நீங்கள் நலமாக இருந்தால் போதும். எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் மன்னியுங்கள்.

தூக்கிப் போடாதீர்கள். ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். பொடியை நிறுத்தினால் செத்துவிடலாம் போல இருக்கும், ஆனால் சாக மாட்டோம். நீங்கள் போடுகிற தூக்க மாத்திரை அப்படி இல்லை. திடீரென்று விட்டால் வலிப்பு வரும். எங்களுக்கு வந்து போகிற டாக்டரிடம் கேட்டேன், உங்கள் பெயர் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள் என்றார்.

குரூப்பில் யாரிடமும் உங்களைப் பற்றிப் பேசவில்லை. ராதா அண்ணன் மட்டும் படித்தார். "இத அனுப்பலாமாண்ணே?" என்று கேட்டேன். "நீ வெளிய போக மறுபடியும் வழி பண்றியா, இல்ல நிஜமா?" என்றார். நிஜம் என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை, ஸ்டாம்பு கொடுத்தார்.

ஒரு வரி போடுங்கள் அக்கா. திட்டியாவது.

வாசு


பிரிக்ஃபீல்ட்ஸ்,
22 ஜூலை 1993

திரு. வாசு அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ரமணி. உங்கள் அக்காவோடு அதே பள்ளியில் வேலை செய்கிறேன். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, ஒரு வருத்தமான செய்தியை எழுத வேண்டியிருக்கிறது.

நேற்று நாலாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது டீச்சர் விழுந்துவிட்டார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இன்னொரு தடவை வந்தது. இப்போது ஊசி போட்டுத் தூங்க வைத்திருக்கிறார்கள். ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது. வீட்டுச் சாவியை அவர் கைப்பையிலிருந்து எடுத்துப் போய்ப் பார்த்தேன். சமையல் அலமாரியில் காலி மாத்திரைப் பைகள். காஜாங், ஸ்ரீ கெம்பாங்கான், கிள்ளான், எனக்குத் தெரியாத கிளினிக் பெயர்கள். நாலைந்து நாள் முன்பு ஸ்டாஃப் ரூமில், "எல்லாத்தையும் டாய்லெட்ல கொட்டிட்டேன் ரமணி, எனக்கு ஒண்ணும் ஆகல பாரு" என்று சிரித்தார். என்ன கொட்டினார் என்று நான் கேட்கவில்லை. டீச்சருக்கு என் மேல் ஏதோ சந்தேகம், அதனால் கேட்கத் தயங்கினேன்.

உங்கள் கடிதம் ஒன்று பிரிக்காமல் அவர் மேசை டிராயரில் இருந்தது. நானும் பிரிக்கவில்லை. உறையின் பின்னால் இருந்த முகவரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நினைவு வந்த ஒரு நேரத்தில் உங்கள் பெயரைச் சொன்னார். வர முடிந்தால் வாருங்கள்.

மரியாதையுடன்,
ரமணி


மறுகரை இல்லம், காப்பார்,
8 ஆகஸ்ட் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களை வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ரமணி டீச்சர் எழுதினார். கஞ்சி குடிக்கிறீர்களாம், கை நடுக்கம் குறைந்திருக்கிறதாம். அதைப் படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

தம்பி வரவே இல்லை என்று நீங்கள் டீச்சரிடம் சொன்னீர்களாம். வந்தேன் அக்கா. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

டீச்சர் கடிதம் சனிக்கிழமை காலையில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராகக் காலைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். படித்துக் காட்டினேன். பிறகு தம்புசாமி, அடுப்படிப் பொறுப்பில் இருப்பவர், கேட்டார்: "உன் அக்காவுக்கு மறுபடியும் ஆபரேஷனா?" பின்வரிசையில் சிரித்தார்கள். "போன தடவ அக்கா எழுதுனாங்க, இந்த தடவ டீச்சர்லா" என்றான் ஒருவன். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ராதா அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டார். சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போட்டார். வார்டு வார்டாக மாற்றிக் கடைசியில் லைன் அறுந்துவிட்டது. என்னைப் பார்த்து, "திங்கட்கிழமை வரைக்கும் பொறு, விசாரிக்கிறேன்" என்றார்.

"அண்ணே, நீங்க நம்புறீங்களா இல்லையா?"

"நம்பல. ஆனா கேட்டுல பூட்டு இல்ல, உனக்கே தெரியும்."

நான் போய்விட்டேன். கம்பி வளையத்தைத் தூக்கி, வெளியே வந்து, திரும்ப மாட்டிவிட்டு நடந்தேன். யாரும் பின்னால் ஓடி வரவில்லை. சட்டைப் பையில் பஸ்ஸுக்குச் சில்லறை மட்டும்.

கிள்ளானில் பஸ் மாற வேண்டும். இறங்கினேன். கோலாலம்பூர் பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. ஏறியிருக்கலாம். கால் வேறு பக்கம் திரும்பியது. அந்தச் சந்து முனையிலிருந்து ஒருத்தன், "வாசு, எங்கடா இவ்வளவு நாளா, உடம்பெல்லாம் ஏறிடுச்சு?" என்று சிரித்துக்கொண்டே வந்து தோளில் கை போட்டான். அக்கா, அவன் கையை எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து என்னைச் சந்தேகப்படாமல் தொட்ட ஒரே ஆள் அவன்தான். "அக்கா ஆஸ்பத்திரியில" என்றேன். "ஐயோ பாவம், கொஞ்சம் போட்டுட்டுப் போ, தைரியமா இருக்கும்" என்றான். அவன் நிஜமாகவே இரக்கத்தோடுதான் சொன்னான்.

பப்ளிக் போன் பக்கத்தில் இருந்தது. காசு போட்டு இல்லத்துக்கு அடித்தேன். ராதா அண்ணனே எடுத்தார்.

"அண்ணே, கிள்ளான் பஸ் ஸ்டேஷன்ல நிக்கிறேன். இங்கேர்ந்து தனியா நகர பயமா இருக்கு."

"கையில என்ன வச்சிருக்க?"

"போன் மட்டும்தான்."

"அத விடாத. வரேன்."

காசு தீர்ந்து லைன் போய்விட்டது. நான் விடவில்லை. பின்னால் ஒரு சீன ஆன்டி, அப்புறம் லோரிக்காரர், அப்புறம் இரண்டு மூன்று பேர். எல்லோரும் திட்டினார்கள். செத்துப்போன போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். தோளில் கை போட்டவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தார், இன்னொரு ஹெல்மெட்டோடு. முதலில் என் கண்ணைப் பார்த்தார், பிறகு கையை விரிக்கச் சொன்னார், பிறகுதான், "ஏறு" என்றார். ஃபெடரல் ஹைவே வழியாக நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். உதட்டில் பல் பட்ட காயம். கட்டில் ஓரத்தில் கையைத் துணியால் கட்டியிருந்தார்கள். ரமணி டீச்சர் எழுந்து எனக்கு இடம் விட்டார். நான் உங்கள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வேறு எங்கே தொடுவது என்று தெரியவில்லை. அண்ணன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "அண்ணே, அடுத்த தடவ நான் சொன்னா நம்புவீங்களா?" என்று கேட்டேன். "மாட்டேன்" என்றார். "ஆனா கூட வருவேன்."

அனுமதி இல்லாமல் வெளியேறியதற்காக மறுபடியும் சட்டி பானைக்கு இறக்கிவிட்டார்கள். தம்புசாமி என் பக்கத்தில் வந்து நின்று, ஒரு குவாலிச் சட்டியைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மருந்தை டாக்டர் சொன்னபடி மட்டும் சாப்பிடுங்கள். பதில் வேண்டாம். கை நடுங்கும்.

தம்பி,
வாசு


பிரிக்ஃபீல்ட்ஸ்,
17 அக்டோபர் 1993

அன்புத் தம்பி வாசுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் காலில் இருந்த புண் ஆறிவிட்டதா? நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தாய், நாலு மாதம் முன்பு. நன்றாக இல்லை. முன்னைக்கு இப்போது கொஞ்சம் பரவாயில்லை. இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன், கோடு கோணினால் கண்டுகொள்ளாதே.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்க்கிறார். அதே வகை மாத்திரையைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். வருஷம் ஆகலாம் என்கிறார். மாத்திரை ரமணியிடம் இருக்கிறது. தினமும் மாலையில் கொண்டுவந்து தருவாள், நான் விழுங்கும் வரை நிற்பாள். அவள் போன பிறகு, இவள் இதை யாரிடமெல்லாம் சொல்கிறாளோ என்று நினைப்பு ஓடும். மறுநாள் அவள் வரக் கொஞ்சம் தாமதமானால் வாசலிலேயே நிற்பேன். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

நர்ஸ் ஒருத்தி, "உங்க தம்பியும் ஹெல்மெட் வச்ச ஒருத்தரும் வந்திருந்தாங்க" என்றாள். வேறு யாருடைய தம்பியாவது இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் உன்னை விடமாட்டார்கள், நீ வந்தால் திரும்பிப் போகமாட்டாய் என்று இரண்டையும் நிச்சயமாக நம்பினேன். உன் கடிதம் வந்த பிறகும் ரமணியிடம் கேட்டு, நர்ஸிடமும் மறுபடி கேட்டுத்தான் ஒத்துக்கொண்டேன்.

ஜூலையில் நீ எழுதியதை நேற்றுதான் பிரித்தேன். டிராயரிலிருந்து எடுத்து இரண்டு மாதமாகக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் பிரிக்கவில்லை. நான் நினைத்தது அதில் இல்லை.

டாக்டர் என்னிடம் கேட்டார்: "எல்லா கிளினிக்லயும் பொய் சொன்னீங்களா?" இல்லை என்றேன். யாரிடமும் பொய் சொல்லவில்லை, ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலாம் வகுப்புப் பையன் சொல்லுகிற பதில் அது. டாக்டர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

நேற்று ராதாகிருஷ்ணனுக்கு போன் போட்டேன். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். "குடும்பத்தார் கூட்டம் பத்து மணிக்கு, வாங்கக்கா" என்றார். அதற்கு இல்லை, நீங்கள் நடுவில் உட்கார வைக்கிற குரூப்புக்கு வருகிறேன் என்றேன். பிறகு, "அது ஆம்பளைங்க குரூப்க்கா. பேச்சு ஒரு மாதிரி இருக்கும்" என்றார். "நான் பள்ளிக்கூடத்துல வேலை பாக்குறவ, எனக்குச் சத்தம் பழக்கம்தான்" என்றேன். குரூப்பில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்று காலை அவரே கூப்பிட்டு, ஒரு தடவை மட்டும் வரலாம், அதற்குப் பிறகு பெண்களுக்கு என்று ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா என்று பார்க்கிறோம் என்றார்.

அந்த ஆட்களை நான் முழுசாக நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. இந்தக் கடிதத்தை யார் படிக்கிறார்களோ அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கழுத்தில் அட்டை மாட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை, அதை நேரிலும் சொல்வேன்.

ரமணி கூட வருவாள், வெளியே இருப்பாள். நீ என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காராதே. நேர் எதிரே உட்கார். என்னைப் பேசச் சொல்வார்கள். நான் நன்றாகப் பேசுவேன், அதுதான் பயம். முப்பது பிள்ளைகளை நம்ப வைத்துப் பழகியவள். கேட்கிறவர்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். எங்கே பொய் வருகிறதோ அங்கே கையைத் தூக்கு. நான் முறைத்தாலும் இறக்காதே.

உன் அக்கா,
சீதாலெட்சுமி